மஞ்சள் நூலும் இரண்டு பிஸ்டலும்

ஒன்றுக்கு இரண்டாகத் துப்பாக்கி கிடைத்ததில் ஏலவார்குழலிக்குக் கொஞ்சம் மிதப்புதான். ரவுடி ஒருவனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஏட்டம்மா அவள். மிரட்டல் வந்ததால், டூட்டி முடிந்த பிறகும் ஆயுதம் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. "பெரிசு, சின்னது ரெண்டையும் வச்சுப் பாரும்மா. எது தோதுன்னு ஒரு வாரத்துல எழுதிக் குடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரியது யூனிஃபார்முக்குப் பாந்தம். கனம் இருப்பதால் சுடும்போது கை உதறாது. சேஃப்டி லாக்கும் உண்டு. ஆனால் சேலை கட்டினால் இடுப்பில் அம்மிக்குழவியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சின்னது அடக்கமானது, இருக்கும் இடம் தெரியாது. அதற்கு லாக் கிடையாது, விசையை அழுத்தினால் வெடிதான். பெரியதில் அவள் தோட்டாவை மேகசினோடு விடுவாள், குழலுக்குள் ஏற்றி வைப்பதில்லை. சேலைக்குள்ளிருந்து எடுக்க நேரமாகுமே என்று, சின்னதில் மட்டும் ஒன்றை ஏற்றியே வைத்திருந்தாள்.

ஆயுத பூஜையன்று காலை, அப்பா நமச்சிவாயம் தறிச் சாமான்களுக்கெல்லாம் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டிருந்தார். "உன் சாமானையும் கொண்டாம்மா. அதுக்கும் பூஜ வேணாமா?"

அவள் இரண்டிலிருந்தும் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டுக் கொடுத்தாள். பத்து வருஷமாகப் பெரிய ரகத்தோடு பழகிய கை. மேகசின் வெளியே வந்தால் துப்பாக்கி காலி என்பதுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. "காலிதான்பா. குண்டு இல்ல" என்றாள், கைபேசியைப் பார்த்துக்கொண்டே.

அப்பா பெரியதன் விசை வளையத்துக்குள் நூலை நுழைத்து, விசையோடு சேர்த்து முடிந்து, சுண்டி இழுத்தார். அறுந்த பாவு இழையை முடிந்தால் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார். ஐம்பது வருஷ நெசவுக் கை அது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு சின்னதை எடுத்தார். எதிரே அம்மா சங்கரி தட்டோடு நின்றிருந்தாள். கற்பூரம் ஒன்று உருண்டு கீழே விழ, எடுக்கக் குனிந்தாள்.

அப்பா முடிச்சைச் சுண்டினார்.

வெடிச் சத்தத்தில் ஏலவார்குழலிக்குக் காது அடைத்துப்போனது. அம்மாவின் முதுகுக்கு ஒரு சாண் மேலே, குனியுமுன் அவள் நெஞ்சு இருந்த உயரத்தில், சுவர் பெயர்ந்து கொட்டியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து தன் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. அது தெரிந்த பிறகுதான் ஏலவார்குழலிக்குச் சின்னதின் குழலில் ஏற்றி வைத்திருந்த தோட்டா நினைவுக்கு வந்தது. எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருப்பாள், குழலைத் திறந்து பார்க்காமல் காலி என்று சொல்லாதே என்று! தன் மீதே காறித் துப்பலாம் போலிருந்தது.

அப்பாவின் கையிலிருந்து துப்பாக்கியை மெல்ல வாங்கினாள். அவர் விரல்கள் நூலை விடவே இல்லை. கோபம்கூட வராமல், திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

"நீ இல்லன்னு சொன்னதாலதாம்மா, உங்கம்மாவுக்கு நேரா வச்சுக்கினு கட்டினேன்."