மீனாகவே நின்றவர்கள்

ராயபுரம் மீனவர் குப்பத்துக் கோதண்டத்துக்குப் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் ஜாடி துடைக்கிற வேலை. மீன், கோழி, மனிதன் மூன்றின் கருவும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதை அந்த ஜாடிகளில் பார்த்த அன்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லா உயிரும் ஒரே மரத்தின் கிளைகள் என்றார் வாத்தியார். சாமி வேலை செய்த கையையே கண்டுவிட்டதாக நினைத்தான் கோதண்டம்.

அதனால்தான் தசாவதாரத்தையும் பரிணாமத்தையும் இணைத்து ஊர் ஊராகப் பேசிவந்த பண்டிதரை, நடையாய் நடந்து 1932 ஆடி மாதத்தில் குப்பத்துக்கு அழைத்து வந்தான்.

ஜட்கா வண்டியிலிருந்து இறங்கும்போதே பண்டிதர் மூக்கில் துணியை வைத்துக்கொண்டார். நாற்காலியை இரண்டு முறை துடைக்கச் சொன்னார். கோதண்டத்தின் மனைவி செல்லம்மா கொண்டுவந்து வைத்த இளநீரைக் கால் விரலால் ஓரமாகத் தள்ளினார்.

ஆனால் பேச்சு தேனாக ஓடியது. மீன், ஆமை, பன்றி என்று அவர் அடுக்க, கூட்டம் சொக்கிப்போனது.

"இது ஓர் ஏணி. நாங்கள் ஏறிவிட்டோம். மீனைத் தின்று மீன் நாற்றத்திலேயே கிடக்கிற நீங்கள் இன்னும் முதல் படி. பகவான் மனம் வைத்தால் பல ஜன்மங்களில் ஏறுவீர்கள்."

கூட்டம் கைதட்டியது. ஊர்த் தலைவர் ரகுபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அந்தக் கைதட்டலைத் தாங்க முடியாமல் கோதண்டம் எழுந்தான்.

"சாமி, ஏணி எங்க கீது? மரம்னுதான வாத்தியார் சொன்னாரு? மீனு ஒரு கிள, நீங்க ஒரு கிள. மீனு எங்கியும் நின்னுபோவல. நம்மளாட்டம் அதுவும் அத்தினி காலமா வந்துகினுதான் கீது."

"ஜாடி துடைக்கிறவன் எனக்குச் சாஸ்திரம் சொல்கிறான்!" என்று பண்டிதர் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

"டேய், குந்துடா! பெரியவருகிட்ட இன்னா பேச்சு?" என்றார் ரகுபதி.

கோதண்டம் நேராகக் கடற்கரைக்குப் போய் வாந்தியெடுத்தான். செல்லம்மா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இன்னாய்யா ஆச்சு?"

"கலீஜா கீது செல்லம்மா. நான்தான அந்தாள இட்டாந்தேன்."

"அதுக்கோசரம் சாமிய வுட்டுருவியா?"

"சாமிய ஏன் வுடணும்? அந்தாளு வாயில பூந்து வந்த சாமிதான் வாணாம்."

மன்னிப்புக் கேட்கச் சொன்னார் ரகுபதி. அவன் கேட்கவில்லை. அந்த வருஷம் அம்மன் தேர்வடத்தைத் தொட அவனை யாரும் விடவில்லை. தள்ளி மணலில் நின்றே கும்பிட்டான்.

பண்டிதரை மறு வருஷமும் அழைப்பதென்று ஊர் முடிவுசெய்தது.