நகர்ந்த கறை

மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றின் விளம்பரத்துக்காகப் பவுலினா வேப்பனப்பள்ளிக்கு அருகே ஒரு தோப்பில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். தை மாதம். எட்டரை மணியாகியும் பனி விலகவில்லை. பூத்த மரங்களுக்கு முன்னால் முனிலட்சுமி நின்றாள். தோப்பைக் கவனித்துக்கொள்வது அவளும் அவள் கணவன் திம்மராயனும்தான். அவன் கடைசி வரிசையில் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். நீண்ட குழாயில் அவனுக்கு மருந்தை அனுப்பும் ஸ்ப்ரேயர் இன்ஜின் பம்ப் ரூமுக்கு வெளியே காதைப் பிளந்தது.

எல்லாப் படங்களிலும் ஒரு சாம்பல் கறை. பவுலினா லென்ஸைத் துடைத்தாள். வேறு லென்ஸ் மாற்றினாள். போகவில்லை. மத்திகிரியில் கேமரா பழுதுபார்க்கும் கணவன் மெல்வினுக்குப் போன் செய்தாள்.

“சென்சார்ல தூசி இருக்கும், பவுலி. வானத்த மட்டும் ஒண்ணு எடு.”

ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றி எடுத்தாள். வெறும் வெள்ளை.

“சுத்தமா இருக்குங்க.”

“அப்போ தூசி இல்ல. தூசின்னா எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துலதான் நிக்கும். தள்ளிப் பாரு, அப்படியா இருக்கு?”

பார்த்தாள். முதல் படத்தில் கறை இடது ஓரம், வேலியருகே. ஆறாவதில் நடு வரிசையில். கடைசியில் முனிலட்சுமியின் தோளுக்குப் பின்னால், இரண்டு மடங்கு பெரிதாக. இத்தனைக்கும் அவள் ஸ்டாண்டை அசைக்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கினாள். கறையின் நடுவே வெள்ளையாக இரண்டு கோடுகள்.

தந்தம்.

திரையை முனிலட்சுமியிடம் நீட்டினாள். அவள் ஒரு தடவைதான் பார்த்தாள்.

“ஐயோ, அந்தப் பக்கந்தான் அவரு நிக்கறாரு.”

கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கூப்பிட வாயெடுத்த பவுலினாவின் கையை அழுத்தினாள். “கத்தாதம்மா. கத்துனா ஓடியாந்துரும்.” குனிந்தபடியே ஓடி இன்ஜினை நிறுத்தினாள். மருந்து நின்றால் என்னவென்று பார்க்க அவன் வருவான்.

தோப்பு சட்டென்று அடங்கியது. பனிக்குள் ஒரு கிளை முறிந்தது. பிறகு நீண்ட மூச்சு, மிக அருகில்.

முகத்துணியை அவிழ்த்தபடி திம்மராயன் வந்தான். “எதுக்குடி ஆஃப் பண்ண?”

முனிலட்சுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூவரும் பம்ப் ரூமுக்குள் புகுந்து இரும்புக் கதவைச் சாத்தினார்கள். மெல்வின் இன்னும் லைனில்தான் இருந்தான். “யானை வந்திருக்குங்க. ஃபாரஸ்டுக்குச் சொல்லுங்க,” என்று கிசுகிசுத்தாள் பவுலினா.

கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் மறைந்தது. வெளியே மருந்து டிரம் உருண்டது. கேமரா ஸ்டாண்டு நொறுங்கியது. கதவை ஏதோ மேலிருந்து கீழாக, மெதுவாகத் தடவியது.

முக்கால் மணி நேரம் கழித்து வனத்துறை ஜீப் வந்தது. பட்டாசுச் சத்தத்தில் யானை வேலியைச் சாய்த்துக்கொண்டு ஆந்திர எல்லைப் பக்கம் போயிற்று. வனக்காவலர் கரியப்பன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மொதப் படத்துலயே இருக்குதும்மா. நீங்க வந்தப்பவே உங்களப் பாத்துக்கிட்டு நின்னுருக்கு.”

பவுலினா கேமராவை வாங்கி முதல் படத்தை மறுபடி பெரிதாக்கினாள்.

“பாதி வரிச இன்னும் நிக்குது. நாளைக்கு மருந்து அடிச்சாகணும்,” என்றான் திம்மராயன், நசுங்கிய டிரம்மைப் பார்த்தபடி.

“நானும் கூட வர்றேன்,” என்றாள் முனிலட்சுமி.