விரிப்பின் மறுமுனை

நான் சத்தம் போட்டுச் சிரிக்கிறவள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று அந்த அரங்கத்திலும் கேட்கவில்லை.

மேடையில் ஆடியது என் தங்கை. நோட்டீஸில் 'நவீன நடனம்' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்ததுமே ஜனங்கள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதே நடனத்தை அவள் ஏற்கெனவே இரண்டு முறை ஆடியிருக்கிறாள். இரண்டு முறையும் ஒருத்தர்கூடப் பல்லைக் காட்டவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டி, அவள் கையைப் பிடித்து ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"சிரிக்க வைக்கத்தான்க்கா ஒரு வருஷமா உழைச்சேன். இன்னைக்கும் யாரும் சிரிக்கலன்னா ஆட்டத்தையே விட்டுடறேன்" என்று காலையில் சொன்னாள். சொன்னால் செய்கிற ரகம் அவள்.

எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடிப்போம், எதிரும் புதிருமாக இரண்டிரண்டு பேர். மெஷின் இரைச்சலில் பேசினால் காதில் விழாது. அதனால் துணியை ஒரு முறை இழுத்தால் 'உதறு', இரண்டு முறை இழுத்தால் 'கிட்டே வா'. தங்கையும் படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் என் எதிரே நின்று மடித்தவள்தான்.

மேடையில் ஒரு வெள்ளை விரிப்பு, அழுக்குத் துணி போடும் ஆழமான தள்ளுவண்டி ஒன்று, அவள். எதிரே யாருமில்லை. இரண்டு முறை இழுக்கிறாள், யாரும் வரவில்லை. கெஞ்சுகிறாள், முறைக்கிறாள், தானே ஓடிப்போய் மறுமுனையைப் பிடிக்கிறாள், அதற்குள் இந்த முனை நழுவுகிறது. நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பு அது, மனுஷர்கள் மடிக்கவே முடியாதது. கடைசியில் தலையோடு சேர்த்து மாட்டிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. முன் வரிசையிலிருந்த கண்ணாடிக்கார அம்மா கண்ணைத் துடைத்தபடியே திரும்பி உஷ் என்றார். பக்கத்திலிருந்தவரிடம், பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள், படுக்கை காலியாகிவிட்டது என்று விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தங்கைக்குக் கல்யாணமே ஆகவில்லை.

இன்னும் பலமாகச் சிரித்தேன். டார்ச்சோடு ஒருவர் வந்து, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது, வெளியே இருக்க முடியுமா என்று கேட்டார்.

"டிக்கெட்ல சிரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா? காட்டுங்க."

அவர் நிஜமாகவே டார்ச் அடித்து, முன்னும் பின்னும் படித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மேடையில் தங்கையின் தோள் இறுக்கம் விட்டு லேசாகத் தளர்ந்ததைப் பார்த்தேன். என் சிரிப்பு அவளுக்குத் தெரியாததா? இப்போது விரிப்பை உடம்பெல்லாம் சாய்த்து இழுத்தாள். எதிரே இல்லாத ஆள் சட்டென்று கையை விட்ட மாதிரி, மல்லாக்கத் தள்ளுவண்டிக்குள் விழுந்தாள். இரண்டு கால்கள் மட்டும் வெளியே ஆடின. சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சே நின்றுவிடும்போல் ஆயிற்று.

கண்ணாடிக்கார அம்மா முழுசாகத் திரும்பினார்.

"செத்தவரை நெனச்சு அந்தப் பொண்ணு தவிக்குது. உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

நான் எழுந்து நின்றேன். அரங்கம் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"யாரும் சாகலைங்க. அவ என் தங்கச்சி. சலவைக்கூடத்துல அந்த முனையைப் பிடிச்சிருந்தது நான்தான். நின்னுக்கிட்டே தூங்கிட்டேன், கை விட்டுடுச்சு. அவ இப்படியேதான் வண்டிக்குள்ள விழுந்தா."

பின் வரிசையில் யாரோ களுக்கென்றார். பிறகு இன்னொருவர். கண்ணாடிக்கார அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார், தாங்கவில்லை, வெடித்துவிட்டார். அப்புறம் அரங்கமே குலுங்கியது.

வண்டிக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. ஒத்திகையில் இல்லாத வேலை அது. விரிப்பைப் பிடித்து இரண்டு முறை இழுத்தது.

என் கைப்பையை அந்த அம்மாவின் மடியில் வைத்துவிட்டு மேடைக்குப் போனேன்.