கட்டைவிரல் மண்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, அரசு உயர்நிலைப் பள்ளியின் ஓய்வுபெற்ற விவசாய ஆசிரியர் தன் வீட்டுக் கொல்லைப்புறக் குழாயடியில் இறந்துபோனார். அதே நிமிடத்தில், அவரிடம் படித்தவர்களில் உயிரோடிருந்த ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று பேரின் வலது கட்டைவிரல் நகத்துக்கடியில் பிறை வடிவில் கொஞ்சம் மண் வந்து உட்கார்ந்தது. ஈர மண். கழுவினால் போகவில்லை. நகத்தை ஒட்ட வெட்டியவர்களுக்கு, வெட்டிய இடத்துக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த பழைய மாணவி ஒருத்தி தன்னுடையதையே ஊசியால் கிள்ளி ஆராய்ந்து, அது பள்ளித் தோட்டத்துக் களிமண் என்று அறிக்கை எழுதினாள். கிள்ளிய இடம் சாயங்காலத்துக்குள் நிரம்பிவிட்டது.

இத்தனை பேர் என்று எண்ணிச் சொன்னவர் தபால்காரர். அவரும் பழைய மாணவர். எல்லோருடைய விலாசமும் தெரிந்தவர் என்பதால் ஒரு நீள நோட்டில் பெயர், படித்த ஆண்டு, இப்போது இருக்கும் இடம் என்று பதிந்துகொண்டே வந்தார். ஆசிரியர் முதல் வகுப்பில் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம். நெல்லிக்காய் அளவு மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் அழுத்தி நாடா போலத் தள்ள வேண்டும். நாடா எவ்வளவு தூரம் உடையாமல் போகிறது என்பதில் அந்த மண்ணின் குணம் தெரிந்துவிடும். ஒவ்வொருவர் கையையும் தன் கைக்குள் வைத்து அழுத்திக் காட்டுவார். வகுப்பில் படிக்காத விவசாயிகள், வங்கி மேலாளர், டீக்கடைக்காரர் என்று தெருவில் மறித்துக் கேட்டவர்களுக்கும் இப்படியே காட்டியிருக்கிறார். அவர்களையும் தபால்காரர் மாணவர்களாகவே கணக்கில் சேர்த்தார். அவர்களுக்கும் மண் வந்திருந்தது.

ஆசிரியரின் மனைவிக்கு வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று ஒருவர் விரலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் அவளுக்குச் சார் வீட்டம்மா என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கேட்டாள். “ஏங்க, ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, கைப்பிடிச்சவளுக்கு ஒண்ணும் இல்லியா?” கல்யாணமான மூன்றாவது வருடம், எனக்கும் அந்த மண் உருட்டுவதைக் காட்டுங்களேன் என்று அவள் கேட்டிருந்தாள். சனிக்கிழமை பார்க்கலாம் என்றார் அவர். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடச் சனிக்கிழமைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் புள்ளி விழுந்த இலையோடு வாசலில் நின்றார். பகலெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வரும் மனிதரிடம் பேச்சு மிச்சம் இருக்காது. இறந்த அன்று காலை கடைசியாகச் சொன்னது, குழாய் ஒழுகுது, வாஷர் மாத்தணும் என்பது.

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், சார் பயங்கரமா சிரிக்க வைப்பாரு என்று சொன்னார். அவள் அதை முதல் தடவையாகக் கேட்டாள். என்ன சொல்லுவாரு என்று கேட்டாள். “நான் மண்புழுவுக்குக் கண்ணு வரைஞ்சிட்டேம்மா. அப்படியே ஒரு கண்ணாடியும் போட்டு விட்டுரு, படிக்கட்டும்னாரு.” சொன்னவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் சிரித்து வைத்தாள். எல்லோரும் போன பிறகு, கூடத்தில் தனியாக உட்கார்ந்து அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அவர் குரலில் அது எப்படி இருந்திருக்கும் என்று பிடிபடவில்லை.

நகத்து மண்ணுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பள்ளித் தோட்டத்தில் மழை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அது குளிரும். கடல் தாண்டிப் பத்தொன்பதாவது மாடியில் குடியிருந்த ஒருவன், ஊரில் மழை வரப்போவதை லிஃப்டில் நின்றபடி தெரிந்துகொண்டான். தங்களை யாரோ நினைத்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது என்று பலர் தபால்காரருக்கு எழுதினார்கள். வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. அவர்களில் முதலில் சார் வீட்டம்மாவிடம் வந்தவர் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர்.

“மூணு மாசமா ஆபரேஷன் தியேட்டர் பக்கமே விட மாட்டேங்குறாங்கம்மா. ஆசிட் தவிர எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்.”

“உள்ள வா. அவரு வேட்டி சட்டையை நாப்பது வருஷம் வெளுத்தவ நான். உன் நகமெல்லாம் ஒரு நகமா?”

சாதாரணத் துணி சோப்பும் வெந்நீரும் வைத்து, தன் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தாள். நான்கு நிமிடத்தில் வந்துவிட்டது. கடுகளவு. மருத்துவர் தன் நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு கிளம்பிப் போனார். அவள் அந்தக் கடுகளவு மண்ணை ஊறுகாய் பாட்டில் மூடியில் எடுத்துச் சமையலறை ஜன்னலில் வைத்தாள்.

பிறகு ஹோட்டல் சமையல்காரர் வந்தார், கடிகாரம் பழுது பார்ப்பவர் வந்தார், கல்யாணப் புகைப்படத்துக்குப் பயந்த ஒரு பெண் வந்தாள். வேறு யார் தேய்த்தும் அது போகவில்லை, இவள் தேய்த்தால் போயிற்று. யாரையும் அவள் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் ஆசையாக வைத்திருப்பதை எப்படிக் கேட்பது? ஆனால் யாராவது கதவைத் தட்டினால் வேகமாக எழுந்து போனாள். நாடா தள்ளிப் பார்க்க நெல்லிக்காய் அளவு மண் வேண்டும். முதல் வருடம் மிளகளவு ஆனது, மூன்றாம் வருடம் சுண்டைக்காயளவு. ஐந்தாம் வருடம் யாருமே வரவில்லை. அந்த வருடம் அவள் வெந்நீர் அடுப்பைக் காலையில் பற்றவைத்துவிட்டு, மத்தியானம் அணைப்பாள்.

ஆறாம் வருடம் மணியார்டர் கொடுக்க வந்த தபால்காரர் ஜன்னலில் மூடியையும் அதிலிருந்த மண்ணையும் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, பையில்லாமல் வந்து விரலை நீட்டினார்.

“எனக்கும் எடுத்துடுங்கம்மா. ரொம்ப அரிக்குது.”

“உனக்கா? ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சியேடா.”

“அதான் கண்ணு பட்டுருச்சு போல.”

“அரிக்கலயே உனக்கு.”

“அரிக்குதும்மா.”

அவருக்குப் பின்னால் அந்த வாரத்தில் நானூற்றுப் பதினோரு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அரிப்பு. ஒரே மாதிரி பொய்யை ஒரே மாதிரி முகத்தோடு சொன்னார்கள். அவள் யாரையும் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மூடி நிறைந்தது. எப்படி உருட்டுவது என்று காட்டட்டுமா என்று தபால்காரர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

“நாளைக்குச் சனிக்கிழமைதானே. நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் அவள் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுக் கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து, அந்த மண்ணைப் பிசைந்தாள். யாரும் கையைப் பிடிக்கவில்லை. முதல் தடவை நாடா அரை அங்குலத்தில் முறிந்தது, இரண்டாம் தடவையும் முறிந்தது. தண்ணீர் கொஞ்சம் கூட்டி மூன்றாம் தடவை தள்ளியபோது, இரண்டரை அங்குலம் போய், தன் கனத்திலேயே வளைந்து தொங்கியது. நல்ல களிமண். பிறகு துணி சோப்பும் வெந்நீரும் போட்டுக் கையைத் தேய்த்தாள். ஆயிரம் சட்டைக் கறை எடுத்த கை. கட்டைவிரல் நகத்துக்கடியில் இருந்தது மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை தபால்காரர் நோட்டைக் கொண்டுவந்து கடைசியில் ஒரு வரி சேர்த்தார். பெயர் கேட்டார், சொன்னாள். படித்த ஆண்டு என்ன போடுவது என்று கேட்டார். இந்த வருஷமே போடு என்றாள். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் நகம் குளிர்ந்தது. வானம் வெளிறிக் கிடந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டாள். மூன்று மணிக்கு மழை பெய்தது.