மூஸ் வேட்டைக்குப் போன மிஷின்

இந்தக் காலத்தில் எவனைக் கேட்டாலும் வேலை அலுத்துவிட்டது என்கிறான். பனி தள்ளுகிறவனுக்கு அலுப்பு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு அலுப்பு, வங்கியில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் அலுப்பு. நான் மீசை முளைக்கும் முன்னால் மரம் வெட்டப் போனவன். அலுப்பா இருக்கா ஒனஸிம் என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை. முதலில் முதுகு போனது, அப்புறம் சிறுநீரகம் போனது, வேலையை விட்டேன். வேலையை அப்படித்தான் விட வேண்டும்.

அதனால், எங்கள் ஊர் டயாலிசிஸ் அறையில் நர்ஸ் வெர்லா மிஷோ என் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே, "குளிர் வந்ததும் நான் நின்னுக்கறேன் பெருசு, அண்ணன் ஹார்டுவேர் கடைக்குப் போறேன்" என்று சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஆணி வித்தா மட்டும் அலுக்காதா?"

"ஆணி என்னைத் திட்டாதுல்ல."

"நான் எப்ப உன்னைத் திட்டினேன்?"

"வந்ததுலேருந்து."

வெர்லா ஐம்பதை நெருங்குகிறவள். இளம் பெண்ணாக இந்த அறைக்குள் வந்தாள், இன்னும் அதே நாற்காலிகளுக்கு நடுவில்தான் நடக்கிறாள். மிஷினில் மாட்டுவாள், கழற்றுவாள், துடைப்பாள், அடுத்தவனை மாட்டுவாள். என் கையைப் பார்க்காமலே குத்துவாள், குறி தப்பாது. ஆனால் முகத்தில் ஆள் இருக்க மாட்டாள், பூட்டிய வீடு மாதிரி இருக்கும்.

அந்த ஜூன் மாதம்தான், மூஸ் என்கிற பெரிய காட்டு மானைச் சுட அனுமதிச் சீட்டு தருகிற குலுக்கலில் என் பெயர் விழுந்தது. அமெரிக்காவின் வடகோடியில், இந்த மெய்னில் பிறந்தவனுக்கு அது என்ன என்று தெரியும். வருஷா வருஷம் எழுதிப்போட்டு, சீட்டு வராமலே செத்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அக்டோபரில் ஒரே ஒரு வாரம். எனக்குக் கொடுத்த காடு வடக்கே, தார் ரோடு முடிந்து வெகுதூரம் தாண்டி. அங்கிருந்து வாரத்தில் மூன்று தடவை ஊருக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்பிப் போக முடியாது.

"அந்த வாரம் நான் வரல" என்று வெர்லாவிடம் சொன்னேன்.

"வராம இருந்தா நுரையீரல்ல தண்ணி ஏறும். காட்டுலயே போய்ச் சேர்ந்துடுவீங்க."

"மூஸைச் சுட்டுட்டு சாகறேன். உனக்கென்ன? நீ ஆணி விக்கப் போறவ."

அவள் கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

"கையில தூக்கிட்டுப் போற மிஷின் ஒண்ணு இருக்கு பெருசு. ஜெனரேட்டர்லயே ஓடும். ஆனா ஊசிய நீங்களே போட்டுக்கணும். நான் கத்துத் தரேன்."

"நானே போட்டுக்கறதுன்னா உனக்கு எதுக்குச் சம்பளம்?"

சிரித்தாள். அப்புறம்தான் பழைய கதை வெளியே வந்தது. பல வருஷம் முன்னால் இவள் இதே மாதிரி இரண்டு மரவெட்டிகளுக்கு வீட்டு மிஷின் பழக்கிப் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் நடுவில் மிஷினை அணைத்து, குழாயிலிருந்த ரத்தம் உறைந்து வீணாகியிருக்கிறது. இந்த ஊர் ஆட்களுக்கு இது சரிப்படாது என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். அன்றைக்குப் பூட்டியதுதான் அவள் முகம்.

அறையின் மேலதிகாரி டக்வொர்த். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்கிற ஆள். அப்படிப்பட்டவர்களை நான் நம்புவதில்லை. வெர்லா அவர் அறைக்குள் போய் வெகுநேரம் சத்தம் போட்டாள். கடைசியில் ஒத்துக்கொண்டார். செப்டம்பர் முடிவதற்குள் டாக்டர் முன்னால் நானே ஊசி போட்டு, நானே மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். வெர்லாவின் விரல்கூடப் படக் கூடாது. தவறினால் மிஷின் திரும்பிப் போகும்.

"மிஷின் போச்சுன்னா நானும் போறேன்" என்றாள் வெர்லா.

பழக ஆரம்பித்தோம். கூட ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றதால் என் மனைவி லூசீலும் வந்தாள். முதல் நாள் ஊசியைக் கையில் எடுத்ததும் எனக்கு வேர்த்துவிட்டது.

"தேவதாரு மரத்தையே சாய்ச்சவரு, தைக்கிற ஊசியப் பாத்துக் கண்ண மூடுறாரு" என்றாள் லூசீல்.

"இது தைக்கிற ஊசியாடி? ஆணி மாதிரி இருக்கு!"

"ஆணின்னா இன்னும் நல்லது" என்றாள் வெர்லா. "உங்களுக்கு அடிச்சுப் பழக்கந்தானே."

ஜூலைக்குள் ஊசி வசப்பட்டது. குழாய் மாட்டுவது, காற்று வெளியேற்றுவது எல்லாம் வந்துவிட்டது. வெர்லா இப்போது என் கையைப் பார்த்தாள், என்னைத் திட்டினாள், நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தாள், வேலை நேரம் முடிந்தும் போகவில்லை.

ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. வெர்லா பக்கத்து அறையில் வேறு ஒருவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள், லூசீல் காப்பி வாங்கப் போயிருந்தாள். மிஷின் வீல் என்று கத்தியது. என் கை போய் அணைத்தது. யோசிக்கவே இல்லை. அணைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்தேன், சரியாகத்தான் செய்தேன் என்ற நினைப்போடு. வெர்லா ஓடி வருவதற்குள் குழாயிலிருந்த ரத்தம் பன்றிக்கொழுப்பு மாதிரி கெட்டியாகிவிட்டது. என் ரத்தத்தை அப்படியே குப்பையில் போட்டார்கள்.

டக்வொர்த் வந்து பார்த்தார். "பரவால்ல வெர்லா. நீங்க முயற்சி பண்ணீங்க" என்றார். செத்த வீட்டில் பேசுகிற குரல்.

வெர்லா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எதுக்கு அணைச்சீங்க?"

"சத்தம் போட்டா அணைக்காம? மரம் அறுக்கற மோட்டார் ரம்பம் ஒரு மாதிரி சத்தம் போட்டா முதல்ல அணைக்கணும், விலகணும். யோசிச்சுட்டு நின்னவனுக்குக் கால் இருக்காது."

"அந்த ரெண்டு பேரும் இதையேதான் பண்ணாங்க" என்றாள் மெதுவாக. அப்புறம் அவள் முகம் மாறியது. "பெருசு, நீங்க சின்ன வயசுல, வெட்டின கட்டைய ஆத்துல மிதக்க விட்டு ஓட்டியிருக்கீங்களா?"

"கடைசி ஓட்டம் வரைக்கும் ஓட்டினேன்."

"கட்டை சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? மேல அணையை மூடிடுவீங்களா?"

"பைத்தியமா உனக்கு? தண்ணி நின்னா பின்னால வர்ற கட்டையெல்லாம் ஏறி மொத்தமும் இறுகிடும். எந்தக் கட்டை மாட்டியிருக்குன்னு பாத்து, அதை எடுத்து, ஓட விடணும். சீக்கிரமா."

அவள் என் கையிலிருந்து போகிற குழாயைத் தொட்டுக் காட்டினாள்.

"அட" என்றேன்.

"ரம்பம் இல்ல பெருசு. ஆறு!" என்று கத்தினாள். "என் தப்பு! இத்தனை வருஷமா உங்களுக்கெல்லாம் இதை மிஷின்னு சொல்லிச் சொல்லியே கெடுத்தேன்!"

அன்றிலிருந்து அவள் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தாள். அலாரம் அடித்தால், ரத்தத்தைத் தள்ளுகிற சக்கரம் தானே நின்றுவிடும். அணைக்கக் கூடாது. கையிலிருந்து தொடங்கி குழாய் வழியே போய்ச் சிக்கலைத் தேட வேண்டும், எடுக்க வேண்டும், ஓட விட வேண்டும். நான் அசந்த நேரம் பார்த்துக் குழாயைக் கிள்ளிவிட்டு அலாரம் அடிக்கவைப்பாள். தூக்கத்தில்கூட அது என் காதில் கேட்டது.

சோதனை நாள் வந்தது. டாக்டர், டக்வொர்த், லூசீல் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வெர்லா இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஊசி போட்டேன். ஓடியது. பாதி நேரம் நன்றாகப் போனது. டாக்டர் கொட்டாவி விட்டார்.

அப்போது கத்தியது. இந்தத் தடவை யாரும் கிள்ளவில்லை.

என் கை பட்டனுக்குப் போய்விட்டது. விரல் அதன் மேல் இருக்கிறது. லூசீல் மாதாவைக் கூப்பிட்டாள். டக்வொர்த் ஒரு அடி முன்னால் வைத்தார். வெர்லாவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை, ஆனால் பைக்குள் முஷ்டி இறுகியது தெரிந்தது.

கையை எடுத்தேன். குழாயைப் பிடித்துக்கொண்டு போனேன். என் முழங்கைக்கு அடியில், நாற்காலி ஓரத்தில், மடிந்து கிடந்தது. கையைத் தூக்கினேன், குழாயை நிமிர்த்தினேன், ஓட விட்டேன். சக்கரம் சுற்றியது. சத்தம் நின்றது.

"போ! போ! போகுது பாரு!" என்று வெர்லா கத்திய கத்தலில் பக்கத்து அறையில் மிஷினில் மாட்டியிருந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்தபடியே கை தட்டினார்கள். ஒரு கைதான் சும்மா இருக்கிறது என்பதால் தொடையில் தட்டினார்கள். டக்வொர்த் தலையாட்டினார். "கையெழுத்துப் போடறேன்" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அக்டோபரில் மிஷினையும் மருந்துத் தண்ணீர்ப் பைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுக் குடிலுக்குப் போனோம். நடுவில் ஒரு நாள், கூப்பிடாமலே வெர்லா வந்து நின்றாள், ஜன்னல் வரை சேறு பூசிய காரில்.

"ஒழுங்கா ஓட்டறீங்களான்னு பாக்க வந்தேன்."

"என்னை நம்பலையா?"

"யாரையும் நம்பக் கூடாதுன்னு உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே குடிலுக்கு எதிரே கடா மூஸ் ஒன்று வந்து நின்றது. இணை தேடுகிற அந்த மாதத்தில் அதுகளுக்குப் புத்தி இருக்காது. ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டு இன்னொரு கடா என்று நினைத்ததோ என்னவோ, சண்டைக்கு வந்துவிட்டது. நான் கையில் இரண்டு ஊசியோடு மிஷினில் கட்டிக்கிடக்கிறேன். வேட்டைச் சீட்டில் துணை ஆளாக லூசீல் பெயரும் இருந்தது. துப்பாக்கியை எடுத்து வெளியே போனாள். ஒரே வெடி.

"ரத்தம் ஓடுதா?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"எனக்கா, அதுக்கா?" என்றேன். வெர்லா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

பனி விழும் சமயத்தில் ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஓர் அறை கொடுத்தார்கள், வீட்டு மிஷின் பழக்குவதற்கு. முன்பு தோற்ற இரண்டு பேரில் உயிரோடு இருக்கும் அல்சீட் முதல் நாளே வந்து உட்கார்ந்துவிட்டான். மீன்பிடிக்கிறவர்கள், உருளைக்கிழங்குக்காரர்கள் எல்லாம் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்று அண்ணனிடம் அவள் சொல்லிவிட்டாள்.

திறப்பு விழாவில், நோயாளிகள் நாங்கள் யாரும் தின்னக் கூடாத கேக் வெட்டினார்கள். டக்வொர்த் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வெர்லா என் பக்கம் வந்து தோளை இடித்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"காலைல எந்திரிச்சதும் எப்படா இங்க வருவோம்னு இருக்கு பெருசு. சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு. இனிமே எனக்கு அலுக்கவே அலுக்காது."

"பாக்கலாம்" என்றேன்.

"என்ன பாக்கலாம்?"

"பிப்ரவரி, மார்ச் குளிர்ல இந்த அல்சீட் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேப்பான். அப்ப சொல்லு."

"நல்லதா ஒரு வார்த்தை வராதே உங்க வாயில!"

சுவரில் மாட்ட என்னைப் படம் எடுக்க வேண்டும் என்று டக்வொர்த் கூப்பிட்டார். காது கேட்காதது மாதிரி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பனியில் வண்டியைப் பார்த்து நடந்தேன். அலுக்காதாம். பாக்கலாம்.