இடது கை எழுதிய அம்மன்

ஆடி மூன்றாம் வெள்ளி. திருமுல்லைவாயில் தெருக்கோயிலில் அம்மனுக்குக் கண் திறக்கப் போகும் நேரத்தில் கமிட்டித் தலைவர் அய்யாசாமி குறுக்கே வந்து நின்றார்.

இருபது நாளாக அந்த சிமென்ட் அம்மனுக்கு வர்ணம் தீட்டியவன் பூபாலன். அதுவும் இடது கையால். அப்போதெல்லாம் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது, கண் மட்டும் வலது கையால்தான் எழுத வேண்டுமாம். பூந்தமல்லியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடலாமாம்.

பூபாலனின் பெண்டாட்டி ஹேமாவதி அவனைப் பார்த்தாள். அவன் வலது கை வழக்கம்போல பேன்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்பத்தூர் பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் அந்தக் கையின் நாலு விரல்களை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல்தான் மிச்சம். அவளைத் தவிர யாருக்கும் அவன் அதைக் காட்டியதில்லை. கல்யாணத்துக்குப் போனால் சாப்பிடாமலே திரும்பிவிடுவான். எட்டு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தவன், ஒருநாள் கேலண்டர் தாளின் பின்பக்கம் இடது கையால் அவள் வாய் பிளந்து தூங்குவதை வரைந்து வைத்திருந்தான். யார் இந்த எருமை என்று கேட்டாள். சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காக தினமும் வாய் பிளந்து தூங்க அவள் தயார். அப்புறம் கேஸ் சிலிண்டர், எதிர்வீட்டு நாய் என்று வளர்ந்து, அம்மன் வரைக்கும் வந்தாயிற்று.

இன்று வேறு ஆள் கண் எழுதினால் இவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான்.

கூந்தலில் இருந்த ரப்பர் பேண்டை உருவிக்கொண்டு அவனிடம் போனாள். "கையை எடுய்யா."

"வேணாம் ஹேமா. எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

"பாக்கட்டும். நானுந்தான் தினம் பாக்கறேன். எனக்கு இன்னா, கண்ணா அவிஞ்சு பூட்ச்சு?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் உதடும் கோணியது. மெல்ல, கை வெளியே வந்தது. மெல்லிய பிரஷ்ஷைக் கட்டைவிரலோடு சேர்த்து நாலு சுற்று சுற்றிக் கட்டிவிட்டாள்.

வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு எழுதினான். அய்யாசாமி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். ஒரு கண் பளிச்சென்று வந்தது. இன்னொன்று கொஞ்சம் தூக்கல். அம்மன் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று எதிர்வீட்டுக் கன்னியம்மா சத்தியம் செய்ய, பெண்கள் குலவையிட்டார்கள்.

அம்மன் காலடிச் சிங்கத்தின் கண்ணுக்கு எந்தக் கையானாலும் பரவாயில்லை என்று அய்யாசாமி பெரிய மனசு பண்ணினார். ஹேமாவதி ரப்பர் பேண்டை அவிழ்க்கப் போனாள்.

"இருக்கட்டும்டி" என்றான் பூபாலன். "சிங்கம் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"