ஐந்தாவது ஏன்

1

இந்தக் கதை ஒரு வசைக் கடிதமாகத்தான் பிறந்தது. ஜப்பானில், நகோயாவின் புறநகரில், மதியச் சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் ஆலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான். வேலையைச் சீராக்க எந்த முறை சரி என்று அங்கே கூட்டம் போட்ட நேரத்தில் ஒரு கோயில் கட்டியிருக்கலாம். கடிதத்தை யாருக்கு அனுப்புவதென்று தெரியவில்லை. கதையாக்கிவிட்டேன்.

முதல் வரி: "தரம் என்பது ஒரு..." (அடித்துவிட்டேன். அப்படித் தொடங்குகிறவர்கள் அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்.)

இரண்டாவது: "பிரிவுத் தலைவர் ஹதானோவின் மேசையில் ஒரே வாரத்தில் முப்பத்தொரு புகார்கள் சேர்ந்தன." இது இருக்கட்டும்.

2

முப்பத்தொன்றும் ஒரே புகார்: சோற்றின் நடுவே இருக்கவேண்டிய, உப்பில் ஊறிய பிளம் பழம் இல்லை. அதை வைப்பவர் ஓனுகி. ஐம்பத்தெட்டு வயது, ஒப்பந்தத் தொழிலாளி. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. ஹதானோவின் அறிக்கையைப் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள்.

தலைமையகம் குசாகாபே என்ற நிபுணரை அனுப்பியது. அவர், ஒரு குறையின் காரணங்களைக் கிளை பிரித்துக் காட்டும் மீன்முள் படம் ஒன்று வரைந்தார். மனிதர், இயந்திரம், பொருள், முறை என்று நான்கு முள். குளிருக்கு முள் இல்லை. (சோறு கெடாமலிருக்க அந்தக் கூடத்தைக் குளிரவைத்திருப்பார்கள். படம் வரைந்த அறையில் ஹீட்டர் ஓடியது.) பிறகு அவரே படத்தை ஒதுக்கிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

"படம் வேண்டாம், ஹதானோ சான். அஞ்சு தடவை ஏன்னு கேளுங்க. காரணம் தானா வந்து நிக்கும்."

"ரெண்டாவதுலயே வந்துட்டா?"

"படிவத்துல அஞ்சு கட்டம் இருக்கே!"

இந்தப் பதிலை மிகைப்படுத்திவிட்டேனோ என்று மூன்று முறை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் குறைத்துச் சொன்னதாகவே பட்டது.

3

ஹதானோவை முதலில் கோழையாக எழுதியிருந்தேன். ஆனால் அவர், புகார்கள் எல்லாம் செவ்வாய், புதன் என்ற இரண்டே நாள் பெட்டிகளைப் பற்றியவை என்று கவனித்தார். நான் சொல்லாமலே எழுந்துபோய்க் கையுறை மாட்டிக்கொண்டு ஓனுகியின் பக்கத்தில் நின்று பிளம் வைக்கத் தொடங்கினார்.

"என்ன ஹதானோ சான், பதவியிறக்கிட்டாங்களா?" என்றாள் அடுத்து நின்ற தமாகி. பெட்டிகளில் முட்டைச் சுருள் வைப்பது அவள் வேலை.

"சும்மா, பழகிப் பாக்கலாம்னு."

"மூக்கு ஒழுகாம பாத்துக்குங்க. அது தனிப் புகாரு."

அரை மணியில் அவர் விரல்கள் வேறு யாருடையவையோ ஆகிவிட்டன. பழம் விரலில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அப்போதுதான் அதைப் பார்த்தார். பிளம் இல்லாமல் ஒரு பெட்டி ஓனுகியைக் கடந்தது. தமாகி முட்டைச் சுருளோடு ஒரு பிளத்தையும் வைத்துத் தள்ளிவிட்டாள். அவள் தட்டோரத்தில் பிளம் பழங்கள் தயாராக இருந்தன.

"எத்தனை நாளா, தமாகி சான்?"

"ரெண்டு குளிர்காலமா. போன செவ்வா, புதன் பொண்ணுக்குப் பிரசவம்னு லீவு போட்டேன். இல்லாட்டி உங்களுக்கு இந்தப் படமெல்லாம் தேவைப்பட்டிருக்காது."

ஓனுகியின் கை நின்றது. "எங்கிட்ட சொல்லவே இல்லியேடி."

"சொன்னா நீ வேலைய விட்டிருப்பே. பெட்டி போகுது பாரு, வை."

4

முடிவுகள்.

ஓனுகியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது, எல்லாரும்... (எனக்குப் பிடித்த முடிவு. தினமும் இதற்காகப் பிரார்த்திக்கிறேன். இறைவன் படிவம் நிரப்பச் சொன்னதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.)

அல்லது, 'கவனக்குறைவு' என்று எழுதி ஓனுகியை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். குசாகாபேக்குக் கைதட்டல்.

அல்லது, உண்மையை எழுதினால், இரண்டு குளிர்காலம் குறையை மறைத்ததாகத் தமாகியும் போகிறாள். ஒவ்வொரு கட்டமும் சரியாக நிரம்பியிருக்கும். முறையில் பிழையே இருக்காது.

5

ஹதானோ எழுதியது இவ்வளவு:

ஏன் பிளம் இல்லை? வைக்கவில்லை.
ஏன் வைக்கவில்லை? விரல் மரத்துவிட்டது.
ஏன் மரத்தது? குளிர், கையைச் சூடாக்க நேரமில்லை.
ஏன் நேரமில்லை? பெட்டிகள் ஓடும் வரிசையை நாங்கள் நிறுத்துவதில்லை.

ஐந்தாவது கேள்வியைக் குசாகாபே தானே எழுதி வைத்திருந்தார்: ஏன் அந்த இரண்டு நாள் மட்டும்?

மறுநாள் காலை ஹதானோ யாரையும் கேட்காமல் ஒரு வாளி வெந்நீரைக் கொண்டுபோய் ஓனுகியின் பக்கத்தில் வைத்தார். வரிசையை இரண்டு நிமிடம் நிறுத்தினார். படிவம், ஐந்தாவது கட்டம் நிரம்பாமல், இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. விடை அவருக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

பேனாவை உங்களிடம் தருகிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறை கதகதப்பாக இருந்தால், கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்து எழுதுங்கள்.